ஒரு வாய்க் களி

மார்கழி மாதத்து நிலாவுக்கு ஒரு குணம் உண்டு. அது வெளிச்சத்தோடு பனியையும் சேர்த்து இறக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் சிநேகிதர்களோடு உட்கார்ந்து, ஆவி பறக்கிற பண்டத்தை விரல் சுடச்சுட எடுத்துச் சாப்பிடுகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் வேறு எதையும் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட ஓர் இரவில் நான் பத்துப் பேருக்கு விருந்து வைத்தேன். வைத்தது நான்தானா, வைத்தது விருந்துதானா என்று இரண்டு சந்தேகங்கள் அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஊர் சிதம்பரம். நாள் திருவாதிரை. முதல் நாள் தேர். மறுநாள் விடியுமுன் ஆயிரங்கால் மண்டபத்தில் நடராஜருக்கு மகாபிஷேகம், பிற்பகலில் தரிசனம். கூட்டம் கலைய மாலையாகிவிடும். வீடுகளில் காலையிலேயே களி கிளறி நைவேத்தியம் செய்துவிடுவார்கள். பச்சரிசியையும் பயற்றம்பருப்பையும் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, வெல்லத்தில் வேகவிட்டு, நெய்யும் தேங்காய்த் துருவலும் ஏலமும் சேர்த்துக் கிளறுவது களி. அதற்குத் துணையாக பூசணி, பறங்கி, அவரை, மொச்சை, வள்ளிக்கிழங்கு, வாழைக்காய், சேனை என்று ஏழு காய் போட்ட கூட்டு. என் மனைவி காலையில் ஒரு முறை கிளறினாள். சிநேகிதர்களுக்காக இரவில் இன்னொரு முறை கிளறச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்பதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் நெடுநாளைய வழக்கம்.

இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். பாய் விரித்து இலை போட்டாயிற்று. திருவாதிரை இரவென்றால் சேந்தனார் கதை வராமல் இருக்குமா? கதை எழுதிப் பிழைக்கிறவன் நான் இருக்க, வேறு யார் சொல்வது?

விறகு வெட்டி விற்றவர் சேந்தனார். தினம் ஓர் அடியாருக்கு அன்னமிட்ட பிறகே தாம் சாப்பிடுவார். ஒரு நாள் விடாத மழை. நனைந்த விறகு விற்கவில்லை. வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிண்டி வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று காத்திருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் வந்தார், சாப்பிட்டார், மிச்சத்தையும் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் சந்நிதியைத் திறந்தால் உள்ளே களி சிதறிக் கிடந்தது. இது ஊர் வழங்கும் கதை.

இந்த இடத்துக்கு நான் வந்துகொண்டிருந்தபோதுதான் கீழே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இதை ஒரு சிறுகதையில் எழுதினால் பத்திரிகைக்காரர் அடித்துவிடுவார். ஆனாலும் நடந்தது அதுதான்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். தரிசனத்துக்கு வந்தவர், தம் ஊர்ப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர். விடிகிறவரை திண்ணையில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "தாராளமாக" என்றேன். அவருக்கு ஓர் இலையில் களி கொடுக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினேன். "யார்?" என்று ஒருவர் கேட்டார். "யாரோ, தரிசனத்துக்கு வந்தவர்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தேன்.

நான் செய்ததில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். இடம் கொடுத்தேன்; பசிக்குச் சோறு கொடுத்தேன். உண்மைதான். எங்கள் ஊருக்கு அருகே வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. அந்தத் தர்மசாலையில் வருகிறவரை யார் என்று கேட்பதில்லை. பசி என்ற ஒன்றே போதும். அதற்குப் பெயர் அன்னதானம். திண்ணையில் இருந்த பெரியவருக்கு நான் செய்ததும் அன்னதானம்தான். ஆனால் விருந்து வேறு. விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவனே விருந்தினன். அந்தக் கணக்கில் அன்று என் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர்தான். அவரைத்தான் நான் கீழே விட்டுவிட்டு வந்தேன். மேலே இருந்த பத்துப் பேரும் எனக்குப் பழையவர்கள், பசியும் இல்லாதவர்கள். அவர்களில் மூன்று பேரை நான் கூப்பிட்டது, முன்பு அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள் என்பதற்காக.

திருப்பித் தர வல்லவர்களுக்குக் கொடுப்பவர்கள் அறத்தை விலைக்கு விற்கிறவர்கள் என்று மணிமேகலை கடுமையாகச் சொல்கிறது. அதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சிநேகிதர்களோடு கூடிச் சாப்பிடுவது வியாபாரம் என்றால் வாழ்க்கையில் மிஞ்சுவது என்ன? வயிற்றுக்குப் பசி இருப்பதுபோல் மனிதனுக்கு மனிதன் வேண்டும் என்ற பசியும் ஒன்று உண்டு. என் சிநேகிதர்களுக்கு அந்தப் பசி இருந்தது, எனக்கும் இருந்தது. அது தீர்ந்ததில் பாவம் இல்லை. ஆனால் அதே பசி திண்ணையில் இருந்தவருக்கும் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லையே, அதுதான் என்னைக் குத்துகிறது. ஏழை என்றால் அவனுக்கு வயிற்றுப் பசி ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, கடைசிக் குறளில் அனிச்ச மலரைக் கொண்டுவந்து வைக்கிறார். அங்கே அவர் பார்ப்பது உணவை அல்ல, உபசரிப்பவனின் முகத்தை. நானோ அவருக்கு வாடிய முகத்தைக்கூடக் காட்டவில்லை. முகத்தையே காட்டாமல் படியேறிவிட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது திண்ணை காலியாக இருந்தது. இலையைக்கூட அவரே எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். காபி குடிக்கும்போது மனைவியிடம், "எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்" என்றேன். பிறகுதான் நினைவு வந்தவனாக, "நீ எப்போது சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"அந்தப் பெரியவர் சாப்பிடும்போது."

"அவரோடா?"

"இலையைப் போட்டேன், அவர் கை வைக்கவில்லை. 'நீங்க சாப்பிட்டாச்சா அம்மா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'அப்போ நீங்களும் ஒரு வாய் எடுத்துக்குங்க. ஒண்டியா சாப்பிட்டா எனக்கு எறங்காது' என்றார். நானும் நிலைப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். எத்தனையோ முறை படியேறி இறங்கிப் பரிமாறியவளை, மேலே இருந்த பதினொரு பேரில் ஒருவரும் கேட்காத கேள்வியை, ஒதுங்க இடம் கேட்டு வந்தவர் கேட்டிருக்கிறார். அன்று என் வீட்டில் விருந்து நடக்காமல் இல்லை. நடந்தது நிலைப்படியில். உபசரித்தவர் வந்தவர். நான் அதற்கு அழைக்கப்படவில்லை.

மாடியில் நிலாச்சோறு சாப்பிடுவதை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னால் அது பொய். அந்தச் சுகம் எனக்கு வேண்டும். "வருகிற திருவாதிரைக்கு வாசலிலேயே பாய் விரித்துவிடலாமா?" என்று மட்டும் அவளிடம் கேட்டேன்.

"வாசலில் விரித்தால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்களே."

"பார்க்கட்டும்."

"பார்த்தால் கூப்பிட வேண்டுமே" என்றாள்.

ஆமாம், கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது முகம் மாறாமலும் இருக்க வேண்டும். அந்தப் பரீட்சையில் நான் தேறுவேனா என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. மாடிப்படி ஏறி இறங்கும் வேலையாவது அவளுக்கு மிச்சமாகும்.