மரப்புதிரும் குழந்தையின் சுதந்திரமும்

மரப்புதிரில் விடை முன்கூட்டியே வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. முக்கோணக் குழிக்குள் முக்கோணக் கட்டைதான் போகும். யானையின் காலுக்கென்று வெட்டிய துண்டு தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் உட்காராது. ஆனாலும் பெரியவர்கள் அதைக் குழந்தையின் கையில் கொடுக்கும்போது, "தானாகக் கண்டுபிடிக்கட்டும்" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். குழந்தை உண்மையிலேயே கண்டுபிடிக்கிறதா, தச்சர் ஒளித்து வைத்ததைத் திரும்ப எடுத்துக் காட்டுகிறதா? மனித வளர்ச்சிக்கு ஒரு முடிவு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறதா என்ற பழைய தத்துவ வழக்குதான் இங்கே பொம்மை உருவில் வந்து நிற்கிறது. எந்தப் பொம்மை நல்லது என்பதும் அந்த வழக்கில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்ததே.

பிளேட்டோவுக்கு இதில் குழப்பமில்லை. வீடு கட்டுபவனாக வேண்டியவன் சிறு வயதிலேயே பொம்மை வீடு கட்டி விளையாட வேண்டும், அதற்கேற்ற சின்னக் கருவிகளைப் பெரியவர்கள் தர வேண்டும் என்று 'சட்டங்கள்' நூலின் முதல் பகுதியில் சொல்கிறார். ஏழாம் பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: பிள்ளைகள் விளையாட்டை மாற்றிக்கொண்டே இருக்க விடக்கூடாது, விளையாட்டை மாற்றிப் பழகியவர்கள் நாளை சட்டத்தையும் மாற்றச் சொல்வார்கள். 1693-இல் கல்வி பற்றி எழுதிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் வேறு கட்சி. கடையில் வாங்கிய விலையுயர்ந்த பொம்மை எதற்கு, சின்னக் குழந்தைக்கு வழவழப்பான கூழாங்கல்லும் அம்மாவின் சாவிக்கொத்தும் போதும், மற்றதைப் பிள்ளைகள் தாமே செய்துகொள்ளட்டும் என்றார். அதே லாக் எழுத்து ஒட்டிய பகடைகளை உருட்டிப் படிக்கக் கற்றுத்தரவும் யோசனை சொன்னார் என்பது வேறு கதை.

கட்டைகளுக்குள் கடவுளையே வைத்துப் பார்த்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் (1782–1852). ஜெர்மனியின் துரிங்கியாவில் லூத்தரன் பாதிரியார் ஒருவரின் மகன். பெர்லினில் படிகவியல் அறிஞர் வைஸிடம் உதவியாளராக இருந்தவர். ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு உள்ளிருந்து விரியும் படிகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குழந்தையும் அப்படித்தான் தெரிந்தது. எல்லாப் பொருளிலும் ஒரே தெய்வீக விதி ஓடுகிறது, அந்த ஒருமையை மனிதன் உணர்ந்து வாழச் செய்வதே கல்வி என்பது 1826-இல் வெளியான 'மனிதனின் கல்வி' நூலின் அடிப்படை. 1840-இல் 'கிண்டர்கார்டன்' என்று அவர் பெயர் சூட்டிய பள்ளிக்கான விளையாட்டுப் பொருள்கள் 'கொடைகள்' எனப்பட்டன. இரண்டாம் கொடையில் ஓர் உருண்டை, ஒரு கனசதுரம், இரண்டின் இயல்பையும் சேர்த்துக்கொண்ட ஓர் உருளை. எதிரெதிரானவை இணைகின்றன என்ற தத்துவப் பாடத்தைக் குழந்தை கையால் உருட்டிப் பார்க்கிறது.

மூன்றாம் கொடை, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் பெரிய கனசதுரம். அதைக் கொடுக்கும் முறையிலேயே அவருடைய இறையியல் இருக்கிறது. பெட்டியை மேசைமேல் கவிழ்த்து வைத்து, அடியிலிருக்கும் சறுக்கு மூடியை உருவிவிட்டு, பெட்டியை நேராக மேலே தூக்க வேண்டும். கட்டைகள் கொட்டிச் சிதறக்கூடாது. முழுமை முதலில் கண்ணில் பட வேண்டும், பிறகுதான் பிரிக்கலாம். நாற்காலி கட்டினாலும் சமச்சீரான பூ வடிவம் அமைத்தாலும் எட்டுக் கட்டையும் சேர வேண்டும், ஒன்றுகூடத் தனியே கிடக்கக்கூடாது. கட்டியதை இடித்துத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொடங்குவதும் இல்லை. ஒரு வடிவத்திலிருந்தே கட்டைகளை நகர்த்தி நகர்த்தி அடுத்ததற்குப் போக வேண்டும். முடிந்ததும் மறுபடி கனசதுரமாகவே பெட்டிக்குள் போகும். இத்தனை பக்தியோடு கட்டை அடுக்கச் சொன்னவரின் பள்ளிகளை, நாத்திகம் வளர்ப்பதாகக் குற்றஞ்சாட்டிப் பிரஷ்ய அரசு 1851-இல் தடை செய்தது. 1860-இல் தடை நீங்கியபோது அவர் உயிரோடு இல்லை.

மரியா மாண்டிசோரி இந்தக் குறியீடுகளை ஓரங்கட்டினார். மருத்துவரான அவர் 1907-இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் உருளை எதற்கும் சின்னமாக நிற்கவில்லை, உருளையாகவே இருந்தது. நீளமான கட்டையில் பத்துக் குழிகள், குமிழ் வைத்த பத்து உருளைகள். இப்படி நான்கு கட்டைகள். குறுக்களவு மட்டும் மாறும் கட்டையில், மெல்லிய உருளையை அகலமான குழியில் போட்டால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் தடித்த உருளை ஒன்று கையில் மிஞ்சும். காலியாக இருப்பதோ குறுகலான குழி. முன்னால் எங்கோ பிசகியிருக்கிறது என்று குழந்தைக்கே தெரிந்துவிடும், "தப்பு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, சுற்றிலும் பாட்டும் கலகலப்புமாக இருந்தபோதும் தலை நிமிராமல், நாற்பது முறைக்கு மேல் இந்த உருளைகளை எடுத்து எடுத்து வைத்ததை மாண்டிசோரி எழுதியிருக்கிறார். அவள் அப்படிச் செய்ததற்குப் பரிசும் இல்லை, கட்டளையும் இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி இந்த முறையை முழுதாக ஏற்கவில்லை. 1915-இல் மகள் ஈவ்லினுடன் எழுதிய நூலில் அவர் எழுப்பும் மறுப்பு இதுதான்: எந்தப் பொருளை எடுப்பது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதில் குழந்தைக்குச் சுதந்திரம் உண்டு, அதை வைத்து என்ன செய்வது என்பதில் இல்லை. இந்த மறுப்பு பாதி சரி. ஒரு நாளில் குழந்தை கேட்கும் 'சரி', 'தப்பு' பெரும்பாலும் பெரியவர்கள் வாயிலிருந்து வருபவை. அவற்றில் கோபமும் கொஞ்சலும் கலந்திருக்கும். மரக்கட்டை சொல்லும் 'இல்லை'யில் இரண்டும் கிடையாது. பிறர் தீர்ப்பிலிருந்து விடுபடுவது ஒரு சுதந்திரம், நோக்கத்தைத் தானே வகுத்துக்கொள்வது இன்னொன்று. புதிர் முதலாவதைத் தருகிறது. இரண்டாவதைத் தர அதனால் முடியாது. இரண்டையும் ஒன்றாக்கி, டப்பாவின் மேல் 'படைப்பாற்றல் வளர்க்கும்' என்று அச்சடிப்பது வியாபாரம்.

மாண்டிசோரியின் சிந்தனையும் உருளையோடு நின்றுவிடவில்லை. தியாசபிகல் சொசைட்டியின் அழைப்பை ஏற்று 1939-இல் அடையாறு வந்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மகன் மாரியோவைச் சில காலம் காவலில் வைத்தது. பின்னர் கொடைக்கானலில் தங்கிய ஆண்டுகளில் 'பிரபஞ்சக் கல்வி' என்ற அவருடைய கருத்து விரிந்து வளர்ந்தது: உலகில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு, எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஃப்ரோபலின் ஒருமை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் அந்தப் பாடத்தை அவர் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்தார். மூன்று வயதின் உருளைக்கு அவர் எந்தத் தத்துவத்தையும் ஏற்றவில்லை. இந்த இடத்தில் அவர் ஃப்ரோபலைவிடக் குழந்தைக்கு நெருக்கமாக இருந்தார்.

ஆகவே புதிர் வாங்கும்போது பார்க்க வேண்டியது, தவறை யார் சொல்கிறார்கள் என்பதை. எந்தத் துண்டும் எந்தக் குழியிலும் தொளதொளவென்று உட்கார்ந்துவிட்டால் அது எதையும் சொல்லாது. சரியாக வைத்ததும் கைதட்டும் பேட்டரிப் பொம்மை, வெளியே அனுப்பிய நீதிபதியைத் திரும்பக் கூட்டி வருகிறது. தொடக்கத்தில் நிறம், வடிவம், அளவு எல்லாவற்றையும் ஒரே புதிரில் குழப்பாமல் ஒன்றை மட்டும் மாற்றும் புதிர் நல்லது. குமிழ் கட்டைவிரலுக்கும் அடுத்த இரு விரல்களுக்கும் வாகாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குள் வாய்க்குள் முழுதாகப் போகும் துண்டே கூடாது. மரத்துக்கு இங்கே ஒரு தனி நியாயம் உண்டு. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்கள் அடுக்கும் மாண்டிசோரி கோபுரம் முழுக்கட்டையால் ஆனதென்றால், பெரியது சிறியதைப்போல் 1000 மடங்கு எடை. எண் தெரியாத வயதிலும் கைக்கு அது தெரிகிறது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் பிளாஸ்டிக்கால் அதைச் சொல்ல முடியாது.

பிடிபட்டுவிட்ட புதிரைச் சில நாள் கண்ணில் படாமல் எடுத்து வைப்பதும், அதன் பக்கத்திலேயே விடையில்லாத வெறும் கட்டைகளை வைத்திருப்பதும் டூயியின் பாதி மறுப்புக்குச் செலுத்தும் கடன். புதிரின் மாம்பழத் துண்டைக் குழந்தை பஸ்ஸாக்கித் தரையில் ஓட்டினால் ஓட்டட்டும். மாண்டிசோரி வகுப்பில் ஆசிரியை வந்து அதை மெல்ல வாங்கி வைத்திருப்பார். ஃப்ரோபலாக இருந்தால், மிச்சத் துண்டுகளையும் பஸ்ஸில் ஏற்றச் சொல்லியிருப்பார்.