வழிகாட்டி நூலும் வாய்மையும்

பயணம் மேற்கொள்வோர் உடையையும் உணவையும் தேர்ந்தெடுப்பதில் செலுத்தும் கருத்தை வழிகாட்டி நூலைத் தேர்ந்தெடுப்பதில் செலுத்துவதில்லை. விலை குறைந்ததையோ படம் மிகுந்ததையோ வாங்கிப் பையில் இட்டுக்கொள்கின்றனர். கடற்கரைக்கும் குளிர்மலைக்கும் செல்வோர்க்கு அது போதும். தவறான நூல் அவர்களை ஒரு வேளை உணவுக்கு அலையவைக்கும், அவ்வளவே. பழைய வரலாற்று இடங்களைக் காணச் செல்வோரின் நிலை வேறு. அங்கே இடிந்த கல்லும் சிதைந்த செங்கல்லும் தாமாகப் பேசுவதில்லை. அவற்றின் சார்பில் நூல் பேசுகின்றது. வாயற்ற ஒன்றின் சார்பில் பேசுவோர்க்குப் பொறுப்பு மிகுதி. அத்தகையோரைத் தேர்ந்தெடுப்போர்க்கும் அப்பொறுப்பில் பங்கு உண்டு. ஆதலின் எந்த வழிகாட்டி நூலை நம்புவது என்பது வசதி பற்றிய வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது அறம் பற்றிய வினாவும் ஆகின்றது.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள தமிழாசிரியர் ஒருவர் தம் மாணவரைப் பூஜாங் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்ல எண்ணுவதாகக் கொள்வோம். பிரிக்பீல்ட்ஸை ஒட்டியுள்ள தொடர்வண்டி நிலையத்தில் ஏறினால் வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டரில் சுங்கை பட்டாணி; அதற்கப்பால் ஜெராய் மலையின் அடிவாரம். பழங்காலக் கடலோடிகளுக்கு அம்மலை தொலைவிலிருந்தே கரையைக் காட்டிய அடையாளம். தமிழர் கடாரம் என்று அழைத்த நிலம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்ற சொல்லுக்கும் உரையாசிரியர் கடாரம் என்றே பொருள் கொண்டார். ஆசிரியர் கையில் எந்த நூலுடன் அங்கே செல்வது?

முதல் வகை நூல், சுற்றுலாவினர்க்கென வெளிவரும் சிற்றேடு. நேரமும் வழியும் அதில் கிடைக்கும். ஆயின் ‘பழங்கால வணிகத் தலம்’ என்ற ஒரே தொடரில் பல நூற்றாண்டுகளை அது கடந்துவிடும்.

இரண்டாம் வகை, ஆங்கிலேய ஆய்வாளர் எழுதியது. குவாரிச் வேல்ஸும் அவர் துணைவியார் டோரதியும் 1936, 1937ஆம் ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கில் அகழ்ந்து, 1940இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். அவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அறிக்கையின் தலைப்பே இந்தியர் மலாயாவில் குடியேற்றம் அமைத்தனர் என்ற முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகின்றது. ஒரு பேரரசின் குடிகளாய் இருந்தோர் பழைய உலகையும் பேரரசும் குடியேற்றமுமாகவே கண்டதில் வியப்பில்லை.

மூன்றாம் வகை, தமிழரின் பெருமை கூற எழுந்த நூல். இராசேந்திர சோழன் கடாரம் கொண்டான். ஆகவே அங்குள்ள கோயிலெல்லாம் சோழன் எழுப்பியவை என்று அது கூறும். சாண்டில்யனின் ‘கடல் புறா’ வழியே கடாரத்தை அறிந்த வாசகர் உள்ளத்தில் அக்கூற்று எளிதில் இடம்பெறும்.

இம்மூன்றனுள் மலேசியத் தமிழாசிரியரின் மனம் மூன்றாவதை நாடுவது இயல்பே. அதற்கு ஆழ்ந்த காரணமும் உண்டு. ரப்பர்க் காட்டுக்குக் கூலியாய் வந்தவரின் வழித்தோன்றல் என்பதற்கு மேல் தம் வரலாற்றில் ஒன்றும் இல்லை என்று கேட்டு வளரும் பிள்ளை, தலை குனிந்து நிற்கின்றது. அப்பிள்ளையிடம் ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உன் முன்னோர் இங்கு வந்தனர்’ என்று சொல்லும் நூல், வரலாற்று நூலாக மட்டும் இராது. அது புண்ணுக்கு மருந்தாகவும் தோன்றும். மருந்தில் சிறிது கலப்படம் இருந்தால் என்ன என்று கேட்போரும் உளர். அவர்களின் வினா எளிதில் தள்ளத்தக்கது அன்று.

எனினும் அதற்கு விடை உண்டு. இராசேந்திரனின் கடற்படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் பொறிக்கப்பட்ட அவன் மெய்க்கீர்த்தி, கடாரத்தரசன் தோற்றதையும் யானைகளும் கருவூலமும் கைப்பற்றப்பட்டதையும் கூறுகின்றது. கடாரத்தில் கோயில் எழுப்பியதாக அது கூறவில்லை. வென்றவனின் புலவரே சொல்லாததைப் பின்வந்தோர் சேர்த்துச் சொல்வது அவனுக்கும் புகழ் ஆகாது. மேலும், படையெடுப்பின்மேல் பெருமையைக் கட்டினால் அண்டை வீட்டார் தோற்றவர் ஆகின்றனர். அவருடன் ஒரே பள்ளியில் அமரும் பிள்ளைக்கு அது நட்பின் பாடம் ஆகாது. ஒரு நாட்டில் குடிமகனாய் வாழும் உரிமை, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வெற்றியால் வருவதும் இல்லை. அவ்வெற்றி இல்லாமற் போனால் போவதும் இல்லை. அது இம்மண்ணில் சிந்திய உழைப்பாலும் வாழும் வாழ்வாலும் நிற்பது. அதற்குப் பொய்ச்சான்று தேடுவது மெய்யான உரிமையையே ஐயத்திற்கு இடமாக்கும்.

மெய்யோ, பொய்யினும் சுவையானது. மலாயாவின் வடபகுதியில் கேப்டன் ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்த கல்வெட்டு ஒன்று, புத்தகுப்தன் என்ற மாலுமியின் வேண்டுதலைத் தாங்கியுள்ளது. மொழி வடமொழி, எழுத்து தென்னிந்திய மரபினது, காலம் ஐந்தாம் நூற்றாண்டளவு. அரசன் அல்லன், கடலுக்கு அஞ்சிய ஒரு மனிதன் அங்கே பேசுகின்றான். இன்று தாய்லாந்தில் உள்ள தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தையும் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவையும் குறிப்பிடுகின்றது. வேற்றூரில் தண்ணீருக்குக் குளம் அமைத்த நினைவு, கொள்ளைப் பொருளின் பட்டியலைவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. பூஜாங்கிலேயே சுங்கை பத்து என்னும் இடத்தில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வில், இரும்பு உருக்கிய உலைகளும் துருத்திக் குழாய்களும் படகுத்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றின் மிகப் பழைய காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் கப்பல்கள் வெறுங்கரைக்கு வரவில்லை, தொழில் வல்ல மக்கள் வாழ்ந்த துறைக்கே வந்தன என்பது தெளிவு. வந்தவர் பெருமையும் இருந்தவர் பெருமையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல.

இவற்றை நோக்க, நல்ல வழிகாட்டி நூலை அறியும் உரைகல் மூன்று எனலாம். முதலாவது, தான் கூறுவதை எவ்வாறு அறிந்தது என்று நூல் சொல்கின்றதா என்பது. கல்வெட்டில் உள்ளது, அகழ்வில் கிடைத்தது, அறிஞர் ஊகித்தது, ஊரார் கதையாய்ச் சொல்வது ஆகிய நான்கையும் பிரித்துக் காட்டும் நூல் நம்பத்தக்கது.

இரண்டாவது, கண்முன் நிற்பதைப் பற்றிய உண்மையைக் கூறுகின்றதா என்பது. மெர்போக் அருங்காட்சியகத்தை அடுத்துள்ள புக்கிட் பத்து பஹாட் கோயில், 1960ஆம் ஆண்டளவில் அலஸ்டேர் லாம்பின் மேற்பார்வையில் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டது. மரத்தால் ஆன அதன் மேற்பகுதி என்றோ மறைந்துவிட்டது. அருங்காட்சியக வளாகத்தில் காணும் பெண்டியாட், பெண்டாங் டாலாம் கோயில்களோ வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பட்டவை. இதனைச் சொல்லாத நூலை நம்பும் மாணவன், கோயில்கள் குன்றடியில் ஒருங்கே எழுந்தன என்று எண்ணித் திரும்புவான். கண்ணால் கண்டதே அவனை ஏமாற்றிவிடும்.

மூன்றாவது, நூலின் பதிப்பாண்டு. இது சிறியதாகத் தோன்றும். ஆயின் 2009க்கு முந்தைய நூல் சுங்கை பத்துவின் இரும்புலைகளை அறியாது. 2013க்கு முந்தைய நூலோ, இன்று இல்லாத ஒன்றை நோக்கிப் பயணியை அனுப்பக்கூடும். அவ்வாண்டில், 11ஆம் எண்ணால் குறிக்கப்பட்ட பழங்கோயிலின் எச்சம், வீடமைப்புக்காக நிலம் திருத்தப்பட்டபோது அழிந்தது. அது மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்படாத தனியார் நிலத்தில் இருந்தது. கடாரத்தின் புகழை மேடைதோறும் பேசிய குரல்களால் அந்தக் கல்லடுக்கைக் காக்க இயலவில்லை. எந்த நிலத்தில் எது உள்ளது, அதற்குக் காப்பு உண்டா இல்லையா என்று பலரும் முன்னரே அறிந்திருந்தால், கேட்பதற்கேனும் ஆள் இருந்திருக்கும். உண்மையை அறிவது காவலின் முதற்படி.

வழிகாட்டும் இலக்கியம் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படையே. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையுடன் எதிர்வரும் மற்றொருவனுக்கு வழி சொல்லுகின்றான். அவன் வள்ளலைப் புகழாமல் இல்லை. ஆனால் புகழ்ச்சியோடு நின்றுவிடவும் இல்லை. மலைபடுகடாம், நன்னனின் கொடையைச் சொல்லும் அதே வாயால் வழியில் உள்ள பாம்பையும் வழுக்குப் பாறையையும் பன்றிக்கு வைத்த பொறியையும் சொல்லுகின்றது. பெருமை மட்டும் கூறியிருந்தால் கேட்ட கூத்தன் நன்னனைக் காணுமுன் பாறையில் வழுக்கி வீழ்ந்திருப்பான். புகழும் அன்பும் உண்மையைக் கூறத் தடையாகா என்பதற்கு அதனினும் சான்று வேண்டியதில்லை.

ஆகவே ஆசிரியர் ஒரு நூலோடு நிற்க வேண்டியதில்லை. வேல்ஸின் முடிவையும் பிற்கால ஆய்வையும் மாணவர் முன் ஒருங்கே வைக்கலாம். புறப்படுமுன் கோலாலம்பூரின் தேசிய அருங்காட்சியகத்தையும் காட்டலாம். சிற்றேட்டை வழி அறியவும், பெருமை நூலைத் தமிழர் ஏக்கத்தை அறியவும் பயன்படுத்தலாம். மெய்யை அறிய மட்டும், தனக்கு இனிக்காததையும் மறைக்காத நூலையே நாட வேண்டும். அத்தகைய நூலுடன் சென்று திரும்பும் மாணவன், பின்னர் பிறருக்கு வழி சொல்லும் தகுதி பெறுகின்றான். முன்னோரை மதிப்பது என்பது அவர்கள் செய்யாததைச் செய்ததாகக் கூறுவதன்று. செய்ததைச் செய்தவாறே கூறுவதாகும்.