ஐந்து நாள் மேசை

பதினொன்றாம் வகுப்பு படிக்கையில் ஐந்து நாள் அறிவியல் முகாம் ஒன்றுக்குப் போனேன். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' திட்டத்தில் அதுவும் ஒரு பகுதி. பத்தாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் மார்க் வாங்கி, மேனிலையில் அறிவியல் எடுத்த பிள்ளைகளை ஒரு கல்லூரியில் தங்கவைத்து விஞ்ஞானிகளோடு பேசவைப்பார்கள். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் பாதி மறந்துவிட்டது. மறக்காதது மேசை.

விடுதியில் ஆளுக்கொரு மேசை, ஒரு விளக்கு. எண்ணூரில் எங்கள் வீட்டில் அம்மா அரிசி புடைப்பது, தம்பி தூங்குவது, நான் கணக்குப் போடுவது எல்லாம் ஒரே பத்தடிக்குள். தரையில் குப்புறப் படுத்து எழுதியே என் கையெழுத்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று அப்பா சொல்வார்.

இரண்டாம் நாள், கொடியில் காய்ந்த சட்டையை எடுத்து வழக்கம்போல நாலு உதறு உதறினேன். பக்கத்தில் நின்ற சேலத்துப் பையன், "எதுக்குடா உதறுற?" என்றான். எங்கள் பக்கம் உதறாமல் யாரும் துணி மடிப்பதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல். அன்றைக்கு அந்தச் சட்டையிலிருந்து ஒன்றும் உதிரவில்லை. மறுபடி உதறிப் பார்த்தேன். அந்த முகாமில் நானாகச் செய்த ஒரே சோதனை அதுதான். நோட்டில் எழுதவில்லை.

என் வகுப்பில் என்னைவிடக் கணக்கு நன்றாக வரும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். அடுப்பு, தங்கச்சி, தண்ணி லாரிக்குக் குடம் வைப்பது எல்லாம் இவள் பாடு. நான் திரும்பி வந்து, முகாமில் கொடுத்த பையையும் பேனாவையும் காட்டினேன். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சாப்பாடு எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு வேளையும் கரெக்டா மணி அடிச்சிப் போடுவாங்க."

"அப்போ படிக்கலாம்" என்றாள்.

அந்த இரண்டு சொல்லுக்குள் இருந்தது எனக்கு உறைக்க ரொம்ப வருஷம் ஆனது. எனக்கும் வீட்டில் மேசை இல்லைதான். ஆனால் குடம் தூக்கு என்று ஒரு நாளும் சொல்லாத அம்மா இருந்தார். ஆண்பிள்ளை, படிக்கிற பிள்ளை. கண்ணுக்குத் தெரியாத மேசை அது. அந்த ஒரு சதவீதத்தில் என் மூளைக்கு எவ்வளவு, அம்மாவின் இடுப்புக்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

சோவியத் கணித மேதை கோல்மகோரோவ் 1963இல் மாஸ்கோவில் உறைவிடப் பள்ளி ஒன்று தொடங்கக் காரணமாக இருந்தார். தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. நல்ல பள்ளி எட்டாத கிராமங்கள், சிற்றூர்களிலிருந்து பிள்ளைகளைத் தேடி எடுத்தார்கள். அந்த வருஷக் கோடையில் ஒரு முகாம் நடத்தித்தான் ஆட்களைத் தேர்ந்ததும். உலகப் புகழ் பெற்ற மனிதர், அந்தப் பிள்ளைகளோடு நடை போனார், இசைத்தட்டு போட்டுக் கேட்கவைத்தார். பாடத்தைத் தபாலில்கூட அனுப்பியிருக்கலாம். தங்க இடம் கொடுப்பதுதான் காரியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

நம் இஸ்ரோவுக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2019 முதல் நடத்தும் 'யுவிகா' கோடை முகாமில் இரண்டு வாரம் தங்கவைக்கிறார்கள். ஆளெடுக்கும்போது கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்குத் தனி மதிப்பெண் உண்டு. நல்ல ஏற்பாடு. என்னிடம் மாலையில் மாடியில் கணக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் இடித்தது. 2011இல் எண்ணூர் அடங்கிய கத்திவாக்கமும் திருவொற்றியூரும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டன. எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளை அதனால் பெருநகரப் பிள்ளை. முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி, பஞ்சாயத்து. அங்கே படிக்கிற பிள்ளைக்கு அந்த மதிப்பெண் கிடைக்கும். இரண்டு வீட்டிலும் அதே வலை, அதே தண்ணிப் பஞ்சம். காட்டுப்பள்ளிப் பிள்ளைக்குக் கிடைப்பதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆனால் படிவத்தில் 'நகரம்' என்று நான் டிக் அடித்தபோது ஒரு பையன் சந்தோஷப்பட்டான். தன்னைச் சிட்டி என்று யாரோ ஒத்துக்கொண்டார்களாம்.

அந்த வருஷம் எங்கள் மாடியிலிருந்து யாரும் தேர்வாகவில்லை. விண்ணப்பித்ததற்கு ஈடாக ஒரு நாள் ராக்கெட் பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னார்கள் பிள்ளைகள். எங்கே போவது? ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு நேர் வடக்கே. ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுக்காரர்களைக் கடலுக்குப் போகாதே என்று நிறுத்திவைப்பார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, கடற்கரையில் நின்றால் போதும்.

நின்றோம். வடக்கே தொடுவானத்தில் ஒரு நெருப்புப் பொட்டு எழும்பி, வளைந்து, கடல் பக்கம் போய்ப் புகையில் மறைந்தது. விசில் அடித்தார்கள். "சத்தமே காணோமே சார்?" என்றான் ஒருவன். தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர். வந்தால் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும் என்று மணலில் எழுதிக் காட்டினேன். வகுத்து முடிப்பதற்குள் பாதிப் பேர் சுண்டல்காரரிடம் போய்விட்டார்கள்.

ஒருத்தி மட்டும் என் செல்போனை வாங்கி ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் அவளுக்கு நடுத்தர மார்க். காலையில் தாமதமாக வருகிறாள் என்று மாதம் இரண்டு முறையாவது வெளியே நிற்கவைக்கிறார்கள். ஒரு நிமிஷம் போயிற்று. தாவணியை ஒரு கையால் அடக்கிக்கொண்டு, அது எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்த்தாள்.

"தெக்கத்திக் காத்து சார். நம்மகிட்டேர்ந்து அங்க போவுது. சத்தம் வராது."

"அப்போ போலாமா?"

"மூணு நிமிசம் ஆவட்டும் சார்."