ஓய்வுக்குப்பின் உறைவிடம்

பணி ஓய்வுக்குப்பின் எங்கு வாழ்வது என்னும் வினா நம் போன்ற எழுத்தர் குடும்பங்களில் அடிக்கடி எழுகின்றது. பெங்களூர் வாடகை நம் கைக்கு எட்டுவதில்லை. கோலார் தங்கவயலோ, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், தானே ஓய்வு பெற்ற ஊர்போல் ஆயிற்று. ஆகவே நண்பர் பலரின் உள்ளம் தரங்கம்பாடி போன்ற சிறிய கடற்கரை ஊர்களை நாடுகின்றது. குறைந்த வாடகையில் ஒரு வீடு, மலிவான மீன், தூய காற்று. முதுமைக்கு வேறென்ன வேண்டும் என்கின்றனர்.

இவ்விருப்பத்தை எள்ளுதல் தகாது. தங்கவயல் கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. சாம்பியன் சுரங்கமோ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. கண்ணால் கடலைக் காணாத தொழிலாளர் பலர், கடல் மட்டத்திற்கும் 2,000 மீட்டருக்குக் கீழே நின்று பாறை உடைத்தனர். அங்குப் படிந்த தூசியால் நுரையீரல் கெட்டு மாண்டோர் பலர். பொன் பிரித்தபின் எஞ்சிய சயனைடு மேடுகளின் துகள் காற்றடிக்கும் காலத்தில் இன்றும் வீடுகளில் படிகின்றது. இத்தகைய ஊரார் வெட்டவெளியையும் அலையையும் விரும்புவது பேராசையாகாது.

ஆயினும் மலிவு என்னும் சொல்லை நாம் சற்று நிறுத்தி எண்ணுதல் வேண்டும். ஓர் ஊரில் வாழ்க்கைச் செலவு குறைவாயிருப்பதற்கு, அங்கு உழைப்போரின் கூலி குறைவாயிருப்பதும் ஒரு காரணம். வெளியூர்ப் பணம் வந்து சேருமாயின் மனைவிலை ஏறும். அவ்வூர் மீனவரின் மகன் தன் மண்ணில் வீடு கட்ட இயலாதவன் ஆவான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின், அக்கடற்கரையின் மீனவர் குடும்பங்கள் பல உள்நிலத்திற்குக் குடிபெயர்க்கப்பட்டன. அவர்கள் நீங்கிய கரையை நாம் காட்சிக்காக விலைக்கு வாங்குவது அறமாகுமா?

“வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்தவன் யாருக்கும் கடன்பட்டவன் அல்லன், தன் பணத்தில் தான் வாழ்கின்றான்” என்பர் சிலர். இவ்வாதத்தில் வலிமை இல்லாமலில்லை. ஆனால் முதுமையில் பணம் மட்டும் துணையாவதில்லை. நடு அரசின் மருத்துவ நலத்திட்ட மையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. அவை இல்லாத இடத்தில் வாழும் ஓய்வூதியர்க்கான மருத்துவப்படி 2017-இல்தான் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் அத்தொகை வண்டி பிடித்து வராது. அண்டை வீட்டார்தாம் வருவர். அண்டை வீட்டாரை விலைக்கு வாங்கல் இயலாது.

தரங்கம்பாடியே இதற்கு ஒரு சான்று. 1620-இல் டேனியர் அங்குக் கோட்டை எழுப்பினர். வாணிகம் நலிந்தபின் 1845-இல் அவ்விடத்தை ஆங்கிலேயர்க்கு விற்றுச் சென்றனர். அதே ஊருக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, அம்மக்களிடம் அமர்ந்து தமிழ் கற்றார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். அவர் சமயம் நமக்கு உடன்பாடோ அன்றோ, வந்த ஊரின் மொழியைக் கற்று அதற்கு ஒன்று ஈந்தவர் என்பதை மறுத்தல் இயலாது.

தங்கவயல் தமிழராகிய நாமும் வந்தோர் வழியினரே. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர், பேத்தமங்கலம் ஏரியின் நீரை உண்டனர். கன்னடரோடும் தெலுங்கரோடும் உழைப்பைப் பகிர்ந்தனர். வந்தவர் எவ்வாறு ஊராராவர் என்பதை நமக்கு ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே கடற்கரைக்குச் செல்வது குற்றமன்று. வாங்குவோராக மட்டும் செல்வதே குற்றம். எழுத்தர்க்கு வலை வீசத் தெரியாது. ஆனால் மனு எழுதத் தெரியும், விதிகளைப் படித்துச் சொல்லத் தெரியும். நலவாரிய உதவிக்கும் கைம்பெண் ஓய்வூதியத்திற்கும் படிவம் நிரப்ப ஆளின்றித் தவிப்போர் கடற்கரையிலும் உளர். இங்கே சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் உளர். ஒப்புரவறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தது செல்வர்க்கு மட்டுமன்று. செல்லும் ஊரிலாயினும், இருக்கும் ஊரிலாயினும், திண்ணையில் அமர்ந்து நாளுக்கு ஒரு மனு எழுதித் தருவோமாக. அவ்வாறு வாழ்வோர்க்கு எவ்வூரும் சொந்த ஊராகும்.