'அட்' என்னும் புள்ளி

ஆங்கிலத்தில் 'இன்' ஓர் இடத்தின் உட்புறத்தைச் சொல்லும். 'ஆன்' அதன் பரப்பைச் சொல்லும். 'அட்' இரண்டையும் விட்டுவிட்டு இடத்தை ஒரு புள்ளியாக்கிக்கொள்ளும். 'அட் தி ஸ்டேஷன்' என்றால் ஒருவர் நடைமேடையில் நிற்கிறாரா, வாசலில் நிற்கிறாரா என்பது பொருட்டில்லை. தேடி வருபவருக்கு அந்தப் புள்ளி போதும்.

அதே சொல் மனிதர்களை நோக்கித் திரும்பும்போது கதை மாறுகிறது. 'த்ரோ டு' என்றால் ஒருவர் பிடித்துக்கொள்ளும்படி பந்தை வீசுவது. 'த்ரோ அட்' என்றால் அவர்மேல் படும்படி எறிவது. 'ஷவுட் டு' தொலைவில் இருப்பவருக்குக் கேட்கக் கூவுவது. 'ஷவுட் அட்' அவரைத் திட்டிக் கத்துவது. முன்னதில் எதிரே இருப்பவர் பெற்றுக்கொள்பவர். பின்னதில் அவர் குறி. 'ஸ்மைல் அட்' என்றும் உண்டு. 'அட்' எப்போதும் பகை அல்ல. ஆனால் அந்தப் புன்னகை போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்பதில்லை.

1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்ப வழி செய்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைத் தேர்ந்தார். வணிகக் கணக்குகளில் 'ஒன்று இன்ன விலை வீதம்' என்று எழுதப் பயன்பட்டுவந்த குறி அது. மின்னஞ்சலில் அது 'இன்னார், இன்ன இயந்திரத்தில்' என்று பொருள்பட்டது: ஆள் முன்னே, இடம் பின்னே. பிறகு ட்விட்டர் போன்ற தளங்களில் அதே குறி ஆளின் பெயருக்கு முன்னால் வந்து நின்றது. இடம் இருந்த இடத்தில் இப்போது ஆள். ஒருவரைப் பாராட்ட அழைப்பதும் அந்தக் குறியால்தான். பலர் சேர்ந்து ஒருவரைத் தாக்குவதும் அதனால்தான்.

தமிழில் சாவி 'வீட்டில்' இருக்கும், அல்லது 'அம்மாவிடம்' இருக்கும். ஆளுக்கு வரும் உருபுக்குள்ளேயே 'இடம்' என்ற சொல் இருக்கிறது. இதனால் தமிழர் கனிவானவர் என்று ஆகிவிடாது. 'அவன்மேல் எரிந்து விழுந்தான்' என்பதும் நம் மொழிதான். இலக்கணம் யாரையும் நல்லவராக்குவதில்லை. ஆனால் ஒரு கேள்வியை அது எடுத்துத் தருகிறது: நான் இதை அவரிடம் சொல்கிறேனா, அவரைக் குறிபார்த்து எறிகிறேனா?

கண்டிக்க வேண்டியவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். அவர் மறுக்கலாம், விளக்கலாம், வருந்தலாம். அதற்கு அவகாசம் இருக்கும்வரை அது பேச்சு. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எறியும்போது, குற்றம் உண்மையாகவே இருந்தாலும், அவருக்கு அந்த அவகாசம் இல்லை. அப்போது நாம் நீதி கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்வது கடினம்.