எண்ணெய்க்குப் பிறகு வந்த குரல்

தேவார ஏடுகளைக் கறையான் தின்ற கதை சைவர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கச் சொல்லி ராஜராஜ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் உள்ளே போகிறார்கள். ஏடுகளின் மேல் புற்று வளர்ந்திருக்கிறது. குடம் குடமாக எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து ஏடுகளை எடுக்கிறார்கள். பெரும்பகுதி அரித்துப் போயிருக்கிறது. மன்னன் கலங்கி நிற்கையில் ஒரு குரல் கேட்கிறது. இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைச் செல்லரிக்க விட்டது நாமே என்கிறது அந்தக் குரல். உமாபதி சிவாசாரியார் செய்ததாக வழங்கும் திருமுறைகண்ட புராணத்தில் வருகிற செய்தி இது.

இதை வைத்துத்தான் எனக்கும் என் பெரியப்பாவுக்கும் வழக்கு. தாத்தா காலத்து ஏட்டுக்கட்டு ஒன்று அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. முன்பாதி தேவாரம், நடுவில் கொஞ்சம் வைத்தியம், கடைசியில் கடன் கணக்கு. கயிற்றை அவிழ்த்தாலே ஓரம் பொடிகிறது.

"ஆடிப்பெருக்கன்னைக்குத் திருமானூர்ல கொள்ளிடத்துல விட்டுடலாம்மா. இதுல இருக்கிறதெல்லாம் புத்தகமா வந்தாச்சு. வேண்டியதை வெச்சிருக்கோம்னு சாமியே சொல்லியாச்சு. அதுக்கு மேல கட்டிக் காக்க நாம யாரு?" என்பார்.

அவர் சோம்பலில் பேசுகிறவர் அல்ல. கீழப்பழுவூர் ஆலந்துறையார் சந்நிதியில் புத்தகம் இல்லாமலே பதிகம் பாடுகிறவர். நெஞ்சில் இருக்கிறவருக்கு ஏடு எதற்கு? ஏட்டை ஆற்றில் விடுவது அவருக்கு அலட்சியம் இல்லை, வழியனுப்பு. அழிவும் அவன் செயல் என்றால் அதற்குக் குறுக்கே நாம் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல அது.

ஆனால் கதையில் அந்தக் குரல் எப்போது வருகிறது என்று பாருங்கள். அறையைத் திறக்கும் முன்பு வரவில்லை. எண்ணெயைச் சொரிந்து, மண்ணை விலக்கி, கையில் ஏட்டை எடுத்து, போனது எவ்வளவு என்று கண்ட பிறகு வருகிறது. தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டு அழுகிறவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. அறையையே திறக்காதவனுக்கு அதைச் சொந்தம் கொண்டாட என்ன உரிமை? நம்பி அந்தக் குரலை முன்கூட்டியே கேட்டிருந்தால் நமக்கு மூவர் பாடல் இந்த அளவுகூடக் கிடைத்திருக்காது.

உ.வே.சாமிநாதையர் பிள்ளைப் பருவத்தில் தமிழ் படித்த ஊர்களில் எங்கள் அரியலூரும் ஒன்று. அரியிலூர் என்றே அவர் எழுதுவார். இங்கே சடகோபையங்காரிடம் பாடம் கேட்ட அந்தப் பையன், பிற்காலத்தில் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். அதற்கு ஆகமத்தையும் ஆதாரம் காட்டினார்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதைகளையும் அவர் கேட்டு நெஞ்சு கொதித்திருக்கிறார். இட்டவர்களும் விட்டவர்களும் பக்தர்கள்தான். தங்களுக்கு வேண்டியது தங்களிடம் இருக்கிறது என்று நம்பியவர்கள். அன்றைய சைவ வீடு ஒன்றில் போய்ப் புறநானூறு வேண்டுமா என்று கேட்டிருந்தால் அது என்ன என்றுதான் கேட்டிருப்பார்கள். 1894இல் அது அச்சேறிய பிறகுதான் அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று நமக்குத் தோன்றியது. இந்தக் காலத்துக்கு வேண்டியது எது என்று அந்தக் குரலுக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் எனக்கும் தெரியாது.

அப்படியானால் காக்க வேண்டும். எப்படிக் காப்பது? இங்கேதான் என் தொழில் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது.

அப்பாவுக்குப் பிறகு எங்கள் அச்சகத்தை நான் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கும்பாபிஷேக நோட்டீஸ். சித்திரை, வைகாசியில் அரியலூர்க் காற்று எப்படி என்று சிமென்ட் லாரி பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஈரம் துளியும் இருக்காது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் தாள் தன்னிடம் உள்ள ஈரத்தையும் விட்டுவிடும். உலர்ந்த தாளில் மின்சாரம் ஓடாது, தேங்கி நிற்கும். ஒரு ஷீட் மற்றதோடு ஒட்டிக்கொண்டு இரண்டாக மெஷினுக்குள் போகும். தூசியை இழுத்துக்கொள்ளும், கை முடி சிலிர்க்கும். அப்பா காலத்தில் தரையில் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். நானும் அதைச் செய்கிறேன். தாள் என்பது மரநார். நாருக்கும் நாருக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சம் நீர்தான் அதை வளைய விடுகிறது, மின்னேற்றத்தையும் வழிய விடுகிறது. நீர் போனால் விறைப்பும் வரும், ஸ்டாட்டிக்கும் வரும்.

ஸ்டாட்டிக்குக்கு மருந்து என்று ஒரு விற்பனையாள் கொண்டுவந்த கேனில் 'மண்ணில் மக்கும்' என்று அச்சிட்டிருந்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். துணியையும் டிஷ்யூ தாளையும் மிருதுவாக்குகிற பொருள்களில் ஒரு குடும்பம் உண்டு. அதன் மூலக்கூறுக்குத் தலையில் நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரஜன், பின்னால் இரண்டு நீளமான கொழுப்பு வால்கள். ஈர நாரின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் தலை நாரில் போய் ஒட்டிக்கொள்ளும், வால்கள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நாரோடு நார் உரசாமல் வழுக்கும், ஈரம் தங்கும், மின்னேற்றம் கசிந்துவிடும். பழைய சரக்கில் வால் நேராகத் தலையோடு இணைந்திருந்தது. வேலை நன்றாகச் செய்தது, ஆனால் முடிந்த பிறகு போகவில்லை. சாக்கடை வழியாக ஆற்றுச் சேற்றில் தங்கி நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு செய்தது. 1990ஐ ஒட்டி ஐரோப்பாவில் அதைக் கைவிட்டு எஸ்டர்குவாட் என்ற புதிய வகைக்கு மாறினார்கள். தலைக்கும் வாலுக்கும் நடுவில் எஸ்டர் இணைப்பு ஒன்றை வைத்தார்கள். நீரும் நுண்ணுயிரும் சேர்ந்தால் அந்த இடத்தில் அறுந்துவிடும். கொழுப்பமிலம் ஒரு பக்கமும் சிறிய ஆல்கஹால் மறுபக்கமுமாகப் பிரிந்து பாக்டீரியாவுக்கு உணவாகிவிடும்.

வேண்டுமென்றே வைத்த பலவீனம் அது. செய்கிறபோதே போகிற வழியையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு ஐந்தொழில்தான் நினைவுக்கு வந்தது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று ஐந்தையும் ஒருவன் கையிலேயே வைக்கிறது சைவ சித்தாந்தம். அழித்தலைத் தண்டனை என்று அது சொல்வதில்லை. பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு இளைப்பாற்றல் என்கிறது. உடம்பும் உலகமும் உயிர் பயன்படுத்துவதற்காகத் தரப்பட்டவை, வேலை முடிந்ததும் மாயையில் ஒடுங்க வேண்டியவை. அப்படியானால் ஒடுங்க முடியாத பொருளைச் செய்வது என்ன? அதைப் பாவம் என்றே நான் சொல்வேன். வலிமையாகத் தெரிகிற ஒன்றுக்கு ஓய்வை மறுக்கிறோம், அதன் சுமையை மீனும் சேறும் சுமக்கின்றன.

நிலைத்தே இருக்கிற பொருளைப் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூருக்குப் போகலாம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்த கல்மரம் அங்கே கிடக்கிறது. 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்து மரம். தொட்டுப் பார்த்தால் பட்டையின் வரிகூடத் தெரியும், ஆனால் விரலுக்குக் கிடைப்பது கல்லின் குளிர்ச்சி. நாரிருந்த இடத்திலெல்லாம் சிலிகா ஏறிவிட்டது. அது துளிர்க்காது, மக்காது, எண்ணெய் ஏற்காது. நான் அங்கே நின்றபோது வியப்பு வந்தது உண்மை. என் தாத்தாவின் ஏட்டுக்கு அந்த நிலை வேண்டாம் என்றும் தோன்றியது.

ஆவணங்களைக் காப்பாற்ற மனிதர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் முயன்றார்கள். செல்லுலோஸ் அசிடேட் படலத்துக்கு நடுவில் தாளை வைத்து ஒட்டினார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஆனால் அந்தப் படலமே வயதாக ஆகச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கசியவிடும். பிரித்தெடுப்பதும் பெரும்பாடு. இன்று சுவடி காப்பவர்கள் கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்து இதமாக ஒட்டுகிறார்கள். கொஞ்சம் ஈரம் காட்டினால் கழன்று வரும். நாம் செய்ததை நாளை வருகிறவர் அவிழ்க்க முடிய வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் விதி. என் கண்ணுக்கு அது வணக்கம் சொல்கிற ஒரு முறை. கடைசி வார்த்தை நம்முடையது அல்ல என்று ஒப்புக்கொள்வது.

பெரியப்பாவின் இன்னொரு வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் புத்தகமாக வந்தாச்சு என்கிறாரே, அந்தப் புத்தகங்களை அவர் அலமாரியிலேயே திறந்து காட்டினேன். படிகாரமும் மரப்பிசினும் சேர்த்துச் செய்த பழைய தாள் அது. உள்ளேயே அமிலம் இருக்கிறது. பக்கத்தை மடித்தால் ஒடிகிறது. அப்பா வாங்கிய புத்தகம் தாத்தாவின் ஏட்டைவிட முதலில் போய்விடும் போலிருக்கிறது. அந்த அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் தாளை நனைத்து எடுக்கிறார்கள். எங்கள் ஊரைச் சுற்றித் தோண்டி எடுக்கிற அதே கல்லின் சத்து. படம் பிடித்து வைப்பதும் நல்லது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறியது. ஆனாலும் படம் எடுக்கவே ஏடு முறியாமல் விரிய வேண்டுமே.

பனையோலைக்கு நம் பக்கம் பழகிய மருந்து எலுமிச்சைப்புல் எண்ணெய். பெரியப்பா வீட்டுத் திண்ணையில், வெயில் படாத பக்கம், வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தேன். முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். பஞ்சில் எண்ணெயைத் தொட்டுப் பிழிந்து, நாரின் போக்கிலேயே, துளையிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் தடவ வேண்டும். குறுக்கே இழுத்தால் கீறிவிடும். மிதமிஞ்சித் தடவினால் பிசுபிசுத்துத் தூசியை வாங்கிக்கொள்ளும். சுருண்டிருந்த ஓலை ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஓரம் மெதுவாகத் தணிந்து துணியில் படிந்தது. எழுத்துக் கீறலில் பழைய மசி கருத்து எழும்பியது. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து, ஒரு வரியை வாய்விட்டுப் படித்து, "இது நம்ம பாடத்துல வேற மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு பஞ்சை அவரும் எடுத்துக்கொண்டார்.

இந்த எண்ணெய் ஓலையில் நிலைத்து நிற்பதில்லை. வாசனையோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பறந்துவிடும். மறுபடி தடவ வேண்டும். பெரியப்பா விடவில்லை. "நீ இருக்கிற வரைக்கும் தடவுவே. அப்புறம்?" என்றார். அப்புறம் வேறொருத்தர் தடவணும் பெரியப்பா, தடவ ஆள் இல்லேன்னா போகட்டும் என்றேன். உண்மையாகவே அதுதான் என் பதில். தடவுகிறவள் கட்டை அவிழ்த்தாக வேண்டும், அவிழ்த்தால் கண் எழுத்தில் படும், பட்டால் இரண்டு வரியாவது படிப்பாள். உறைக்குள் அடைத்து என்றைக்குமாக வைத்துவிட்டால் யாரும் திறக்கத் தேவையில்லை. தில்லையில் ஏடுகளுக்கு நேர்ந்ததும் அதுதான். பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது.

கடைசியில் கடன் கணக்கு ஏடுகள் வந்தன. "இதையாவது ஆத்துல விடலாமா?" என்று கேட்டார். யாரோ யாருக்கோ கொடுத்த நெல், கல அளவும் பேரும் தேதியும். அதில் ஒரு பேரைப் படித்துவிட்டு, அந்த வீடு இன்னும் தெற்குத் தெருவில் இருக்கிறது என்றார். அந்த ஏட்டையும் தடவிக் காயவைத்தோம்.