குறுஞ்சொல்லும் பெருந்துயரும்

நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணிய நன்னூலார், சுருங்கச் சொல்லுதலை முதலில் வைத்தார். அதனை எழுத்தின் திறனாகவே நாம் பள்ளியில் கற்றோம். அஃது ஓர் அறமும் ஆகுமோ என்னும் ஐயம், பிழைப்பின் பொருட்டு ஐதராபாத்தில் குடியேறி, நாள்தோறும் மூசி ஆற்றுப் பாலத்தைக் கடக்கத் தொடங்கிய பின்னரே நமக்கு எழுந்தது. அதனை எழுப்பியவர் இந்நகரின் உருதுக் கவிஞர் அம்ஜத் ஐதராபாதி.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி கரை மீறிப் பெருகியது. பாலங்கள் தகர்ந்தன; தெருக்கள் ஆறாயின. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்பர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் புளியமரத்தில் ஏறி 150 பேர் உயிர் பிழைத்தனர். இளைஞரான அம்ஜத், தாயையும் மனைவியையும் மகளையும் அன்று ஒருங்கே வெள்ளத்திற்குக் கொடுத்தார். தாம் மட்டும் மீண்டார்.

அப்பேரழிவைக் குறித்து அவர் பாடியதுண்டு. ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது ருபாயி என்னும் நான்கடிப் பா. முதல், இரண்டு, நான்காம் அடிகளின் ஈறு இயைந்து வர, மூன்றாம் அடி பெரும்பாலும் தனித்து நிற்கும். அச்சிறு கூட்டுக்குள் இறைவனையும் மனிதச் சிறுமையையும் மனநிறைவையும் அடக்கி, 1961இல் மறையும்வரை வாழ்ந்தார் அவர். ஊரே அழக்கூடிய துயரை உடையவர், நான்கே அடிகளில் பிறருக்கு உதவும் பொருளைத் தந்து அமைந்தார்.

இதன் அருமை நமக்கு ஏட்டினால் விளங்கவில்லை. அலுவலகத் தோழர் ஒருவர் தம் மகனை இழந்தபோது, நாம் சென்று ஊழ் என்றும் காலம் என்றும் அரைமணி நேரம் பேசினோம். அவர் தலையசைத்தாரேயன்றிக் கேட்டாரில்லை. பின்னர் வந்த முதிய கடைநிலை ஊழியர் அருகில் அமர்ந்து, "சாப்பிட்டீர்களா, ஐயா?" என்றார். தோழர் அப்போதுதான் அழுதார். நீண்ட கோப்புக் குறிப்புகள் எழுதிப் பழகிய நம் நாவுக்கு அன்று நாணம் உண்டாயிற்று. நம் பேச்சு நம் சங்கடத்தைத் தணிப்பதற்கே பயன்பட்டது.

ஆயின், அடங்கிய சொல் அடிபணிதல் ஆகாதோ எனச் சிலர் வினவக்கூடும். தக்க வினாவே. போலந்துக் கவிஞர் ஸ்தனிஸ்லாவ் யெஷி லெட்ஸ் இதற்கு விடையாவார். 1909இல் பிறந்த யூதரான அவர், இரண்டாம் உலகப் போரில் செருமானியர் முகாமில் அடைபட்டு 1943இல் தப்பினார். பின்னர்த் தம் நாட்டு ஆட்சியாலும் சில காலம் நூல் வெளியிட இயலாதிருந்தார். 1957இல் அவர் வெளியிட்ட தொகுதியின் பெயர் 'சீவப்படாத சிந்தனைகள்' எனப் பொருள்படும். அதிலுள்ளவை ஓரிரு வரி மொழிகளே. அவை பணியவில்லை, அதிகாரத்தை எள்ளின. 1966இல் அவர் மறைந்தார்.

ஒருவரின் இழப்பு ஆற்றால் வந்தது. மற்றவர் துன்பம் மனிதரால் வந்தது. ஆற்றோடு வழக்காட இயலாது. ஆதலின் அம்ஜத்தின் பொறுமை அறமாயிற்று. மனிதர் இழைக்கும் கொடுமையைப் பொறுத்திருப்பது அதற்குத் துணைபோதலாகும். ஆதலின் லெட்ஸின் எள்ளல் அறமாயிற்று. குறுமை இருவர்க்கும் பொது; எதனை ஏற்பது, எதனை மறுப்பது என்னும் தெளிவே அதன் உயிர்.

இந்நகரமும் அத்தெளிவைக் காட்டியது. இறந்தோர்க்காக அழுததோடு அது அமையவில்லை. விசுவேசுவரையாவை அழைத்துத் திட்டம் தீட்டச் செய்தது. 1920இல் உஸ்மான் சாகரும், 1927இல் இமாயத் சாகரும் எழுந்தன. போனதைப் பொறுப்பதும் வருவதைத் தடுப்பதும் ஒன்றற்கொன்று பகையல்ல.

ஏழு சீரில் அறம் உரைத்த வள்ளுவரின் வழிவந்த நமக்கு இஃது அயல்நெறி அன்று. அடுத்த முறை துயருற்றோர் வீட்டு வாயிலை மிதிக்கும்போது, அம்முதியவரை நினைவிற் கொள்வோமாக.